ஹாரன் ஒலிக்கவில்லையா? புதிது வாங்குவதற்கு முன் மின்சாரம் போகும் வழியைப் பாருங்கள்

ஹாரன் அடிக்காவிட்டால் பலரும் முதலில் புது ஹாரன் ஒன்றை வாங்கி வருவார்கள். மாட்டி, பட்டனை அழுத்தினால் அதுவும் ஊமையாக இருக்கும். பேட்டரியில் கிளம்பும் மின்சாரம் ஃபியூஸ், ரிலே (சின்னக் கரென்ட்டால் பெரிய கரென்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்), வயர், சாக்கெட் எல்லாவற்றையும் தாண்டித்தான் ஹாரனுக்குப் போகிறது. போனது பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பியும் வர வேண்டும், இந்தத் திரும்பும் வழிதான் எர்த். நடுவில் ஒரே ஒரு முனையில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தாலும் போதும், சத்தம் வராது. ஆகவே ஹாரனைக் கழற்றுவது கடைசி வேலை. முதல் வேலை, மின்சாரம் எதுவரை வந்து நிற்கிறது என்று கண்டுபிடிப்பது.

கீழே உள்ள எண்கள் 12 வோல்ட் கார், இருசக்கர வாகனங்களுக்கானவை. 24 வோல்ட் வண்டியிலும் சோதிக்கும் முறை இதேதான். ஹாரன், ரிலே, சோதனை பல்பு மூன்றும் 24 வோல்ட்டுக்கு உரியவையாக இருக்க வேண்டும், அவ்வளவே.

ஹாரனுக்குள் நடப்பது

தட்டையான டிஸ்க் ஹாரனை எடுத்துக்கொள்வோம். பின்பக்கம் கிண்ணம் மாதிரி ஒரு இரும்புக் கூடு. அதற்குள் செம்புக் கம்பி சுற்றிய காயில், நடுவில் அசையாத ஒரு இரும்புத் தண்டு. அதற்கு எதிரே, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டருக்குள் இடைவெளி விட்டு இன்னோர் இரும்புத் துண்டு நிற்கும். அதுதான் ஆர்மேச்சர். மெல்லிய ஸ்பிரிங் எஃகுத் தகட்டின் மையத்தில் அதை இறுக்கியிருப்பார்கள். அந்தத் தகடுதான் டயாபிரம். காயிலுக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி பாயின்ட், அதாவது ஒட்டினால் மின்சாரத்தை விட்டு, பிரிந்தால் நிறுத்தும் தொடுமுனைகள், இருக்கும். ஹாரன் சும்மா இருக்கும்போது பாயின்ட் இரண்டும் ஒட்டியே இருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பழுது பார்க்கும்போது உதவும்.

பட்டனை அழுத்தியதும் மின்சாரம் பாயின்ட் வழியாகக் காயிலுக்குள் பாய்கிறது. காயில் காந்தமாகி ஆர்மேச்சரை இழுக்கிறது, கூடவே டயாபிரமும் உள்வாங்குகிறது. உள்ளே போன ஆர்மேச்சரின் விளிம்பு பாயின்ட்டின் கையைத் தள்ளிப் பிரித்துவிடும். மின்சாரம் அறுந்ததும் காந்தம் போய்விடுகிறது, டயாபிரம் தன் விறைப்பால் பழைய இடத்துக்குத் துள்ளித் திரும்புகிறது. பாயின்ட் மறுபடி ஒட்டும், மறுபடி இழுப்பு. நொடிக்கு 400 தடவை இப்படி நடந்தால் அது 400 ஹெர்ட்ஸ் சுருதி. நீங்கள் மூன்று நொடி அழுத்தினால் அந்தச் சின்னப் பாயின்ட் ஆயிரத்து இருநூறு தடவை பிரிந்து சேர்ந்திருக்கும், ஒவ்வொரு பிரிவிலும் ஒரு சிறு தீப்பொறி. பாயின்ட் கரியாவதும் குழி விழுவதும் ஏன் என்று இதிலேயே தெரிகிறது. பொறியைக் குறைக்கத்தான் பல ஹாரன்களில் பாயின்ட்டுக்குக் குறுக்கே ஒரு சின்ன ரெசிஸ்டரோ கெப்பாசிட்டரோ வைத்திருப்பார்கள்.

டயாபிரத்துக்கு முன்னால் சுழலாமல் நிற்கும் தட்டு டோன் டிஸ்க். ஆர்மேச்சர் நடுத்தண்டில் போய் மோதும் ஒவ்வொரு அடிக்கும் இந்தத் தட்டு மணி போல அதிர்ந்து, 2,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட கூர்மையான ஒலிகளைச் சேர்க்கிறது. என்ஜின் இரைச்சலையும் டயர் சத்தத்தையும் மீறிக் காதில் குத்துவது இந்தப் பகுதிதான். சங்கு போலச் சுருண்ட ஹாரனில் டோன் டிஸ்க் கிடையாது. அங்கே டயாபிரம் எழுப்பும் ஒலியைச் சுருள் குழாயில் உள்ள காற்று வாங்கிப் பெருக்கிக் கொடுக்கிறது. அதனால் அதன் குரல் உருண்டையாக இருக்கும். இரண்டு ஹாரன் உள்ள வண்டியில் ஒன்று தாழ்சுருதி, சுமார் 400 ஹெர்ட்ஸ். மற்றது மேல்சுருதி, சுமார் 500 ஹெர்ட்ஸ். கூட்டின் மேல் எல் அல்லது எச் என்று அச்சிட்டிருக்கும். ஒன்று போனால் அதே சுருதியில்தான் மாற்று போட வேண்டும். இரண்டும் தாழ்சுருதியாகிவிட்டால் சத்தம் மந்தமாகி, தூரத்தில் எடுபடாது.

ஐக்கிய நாடுகளின் 28ஆம் ஒழுங்குவிதிப்படி கார் ஹாரனின் ஒலி இரண்டு மீட்டர் தொலைவில் 105 முதல் 118 டெசிபலுக்குள் இருக்க வேண்டும். அதே விதியில் உழைப்புச் சோதனையும் உண்டு: ஒரு நொடி ஒலி, நான்கு நொடி ஓய்வு என 50,000 தடவை. ஓய்வு நேரம் ஒலி நேரத்தைப் போல நான்கு மடங்கு என்பதைக் கவனியுங்கள். ஹாரன் விட்டுவிட்டு அடிப்பதற்காகச் செய்த பொருள். அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் காயில் சூடேறிக் குரல் இறங்குவது இயல்பு, அதைப் பழுது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மின்சாரம் போகும் வழி

காரில் ஒரு டிஸ்க் ஹாரன் 3 முதல் 5 ஆம்பியர் வரை இழுக்கும், ஜோடியாக 10 ஆம்பியர் வரை போகலாம். இவ்வளவையும் ஸ்டீயரிங்கில் இருக்கும் பட்டன் தாங்காது. அதனால் நடுவில் ரிலே வைத்திருக்கிறார்கள். சாதாரண நான்கு முள் ரிலேயில் 30 என்ற முள்ளுக்கு ஃபியூஸ் வழியாகப் பேட்டரி கரென்ட் வரும். 87இல் இருந்து ஹாரனுக்குப் போகும். 85, 86 இரண்டும் ரிலேயின் சொந்தக் காயில். பெரும்பாலான கார்களில் அந்தக் காயிலின் ஒரு முனைக்கு எப்போதும் கரென்ட் இருக்கும், மறுமுனை ஸ்டீயரிங் பட்டன் வழியாக எர்த்தாகும். பட்டன் வழியாகப் போவது ஒரு ஆம்பியரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான். புதிய வண்டிகளில் பட்டனின் சைகை ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போய், அது ரிலேயை இயக்கும்.

இருசக்கர வண்டியில் பெரும்பாலும் ரிலே கிடையாது. ஹாரன் இழுக்கும் இரண்டு மூன்று ஆம்பியரும் ஹேண்டில் சுவிட்ச் வழியாகவே போகும். சுவிட்ச் கருகுவது அதனால்தான். இதில் இரண்டு விதமான வயரிங் உண்டு, வேலை தொடங்கும் முன் உங்கள் வண்டி எந்த வகை என்று பாருங்கள். சாவியைத் திருகி, மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி எதிர்முனையில் வைத்து, சிவப்பு முனையால் ஹாரனின் இரண்டு முனைகளையும் தொடுங்கள். பட்டனை அழுத்தாதபோதே இரண்டிலும் 12 வோல்ட் காட்டினால், கரென்ட் ஹாரனுக்கு நேராக வருகிறது, சுவிட்ச் எர்த் பக்கம் இருக்கிறது என்று பொருள். இரண்டிலும் பூஜ்யம் என்றால் சுவிட்ச் கரென்ட் பக்கம் இருக்கலாம், அல்லது கரென்ட்டே வரவில்லை. பட்டனை அழுத்தினால் எது என்று தெரிந்துவிடும். ஒன்றில் 12, மற்றதில் பூஜ்யம் என்றால் எர்த் பக்கச் சுவிட்ச் வண்டியில் ஹாரனுக்குள்ளேயே பாயின்ட்டோ காயிலோ அறுந்திருக்கிறது.

கையில் இருக்க வேண்டியவை

மல்டிமீட்டர், ஹாரன் போல்ட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர், திருப்புளி, 400 எண் உப்புத்தாள், காண்டாக்ட் கிளீனர், 15 ஆம்பியர் ஃபியூஸ் சேர்த்த ஒரு இணைப்பு வயர். இவற்றோடு மிக முக்கியமாக, இரண்டு வயர் இணைத்த ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பு.

மல்டிமீட்டர் இருக்கும்போது பல்பு எதற்கு? வயருக்குள் இருபது இழையில் பத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் தொட்டுக்கொண்டிருந்தாலும் மல்டிமீட்டர் 12 வோல்ட் என்றே காட்டும், ஏனென்றால் அது கரென்ட்டை இழுப்பதே இல்லை. 21 வாட் பல்பு கிட்டத்தட்ட 1.75 ஆம்பியர் இழுக்கும். வழியில் எங்காவது அடைப்பு இருந்தால் மங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் ஸ்டீயரிங்கிலிருந்து வரும் மெல்லிய வயரிலோ கட்டுப்பாட்டுப் பெட்டியின் வயரிலோ இந்தப் பல்பை வைக்கக் கூடாது, பெட்டிக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் போய்விடும். அங்கே மல்டிமீட்டர் மட்டும்தான்.

சத்தமே இல்லை என்றால்

துணைக்கு ஒருவரைப் பட்டனை அழுத்தச் சொல்லிவிட்டு, நீங்கள் ஃபியூஸ் பெட்டியில் ரிலே மேல் விரலை வையுங்கள். 'டிக்' என்று தட்டுகிறதா?

தட்டினால், பட்டனிலிருந்து ரிலே வரை எல்லாம் நலம், பாதி வேலை முடிந்தது. ஹாரனின் சாக்கெட்டைப் பிடுங்கி, அதன் இரண்டு முனைகளுக்கும் நடுவே பல்பை வைத்து அழுத்தச் சொல்லுங்கள். பளிச்சென்று எரிந்தால் வயரிங் குற்றமற்றது, ஹாரன்தான் காரணம். எரியாவிட்டால், பல்பின் எர்த் பக்க வயரை எடுத்துப் பேட்டரியின் எதிர்முனையில் நேராகத் தொடுங்கள். இப்போது எரிந்தால் எர்த் கெட்டிருக்கிறது. இன்னும் எரியவில்லையா? ரிலேயைப் பிடுங்கிவிட்டு, சாக்கெட்டில் 30இல் கரென்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஃபியூஸ் சேர்த்த இணைப்பு வயரால் 30ஐயும் 87ஐயும் ஒரு கணம் இணையுங்கள். பல்பு எரிந்தால் ரிலேயின் உள் பாயின்ட் கருகியிருக்கிறது, ரிலே மாற்ற வேண்டும். எரியாவிட்டால் 87க்கும் ஹாரனுக்கும் இடையே வயர் அறுந்திருக்கிறது.

'டிக்' சத்தம் இல்லையென்றால் முதலில் ஃபியூஸ். கண்ணால் பார்த்து நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். ஃபியூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளையும் மல்டிமீட்டரால் தொட்டு, இரண்டிலும் கரென்ட் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, அதே பெட்டியில் அதே எண்ணுள்ள வேறு ரிலே இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள், அரை நிமிட வேலை. அப்படியும் இல்லையென்றால் ரிலேயை வெளியே எடுத்து, சாக்கெட்டில் 85, 86 இரண்டையும் சோதியுங்கள். ஒன்றில் 12 வோல்ட் இருக்க வேண்டும். மற்றதற்கும் பாடிக்கும் இடையே பட்டனை அழுத்தும்போது மட்டும் மின்தொடர்ச்சி வர வேண்டும், மின்தடை சில ஓமுக்குள் இருக்கும். வராவிட்டால் பழுது ஸ்டீயரிங் பக்கம். கட்டுப்பாட்டுப் பெட்டி இயக்கும் வண்டியில் இந்தக் கடைசிச் சோதனை பொருந்தாது. பெட்டியில் உள்ளதைப் படித்துக் காட்டும் ஸ்கேனர் கருவியை மாட்டிப் பட்டனின் சைகை பெட்டிக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால் ஹாரன் சாக்கெட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புது ஃபியூஸ் போட்டு அழுத்துங்கள். ஃபியூஸ் நின்றால் ஏதோ ஒரு ஹாரன் உள்ளே ஷார்ட், ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தால் எது என்று தெரியும். அப்போதும் போனால் வயர் எங்கோ பாடியில் உரசி எர்த்தாகிறது. ரேடியேட்டர் தாங்கி, முன் பம்பரின் உள்விளிம்பு, தகட்டில் வயர் நுழையும் துளைகள் இவற்றை முதலில் பாருங்கள். 15 போகிறதே என்று 30 ஆம்பியர் ஃபியூஸ் போடுவது மட்டும் வேண்டாம். அப்புறம் ஃபியூஸுக்குப் பதில் வயர் எரியும்.

எர்த்

இதற்கெனத் தனியாக இடம் ஒதுக்கக் காரணம் உண்டு. ஹாரன் இருப்பது வண்டியின் மூக்கு நுனியில். மழைநீர், சேறு, ரேடியேட்டர் சூடு எல்லாம் அங்கேதான். ஒரே முனை உள்ள ஹாரனுக்கு அதைத் தாங்கும் பிராக்கெட்தான் எர்த். பிராக்கெட்டுக்கும் பாடிக்கும் நடுவே பெயின்ட்டோ துருவோ வந்தால் திரும்பும் வழி அடைபடும். கணக்குப் போட்டால் விளங்கும்: அரை ஓம் துரு, 4 ஆம்பியர் ஓட்டம் என்றால் அங்கேயே 2 வோல்ட் போய்விடுகிறது. ஹாரனுக்குக் கிடைப்பது 10. சத்தம் கேட்கும், ஆனால் சோர்ந்த சத்தம்.

அளப்பது இப்படி. மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி. அளவில் வையுங்கள். கறுப்பு முனை பேட்டரி எதிர்முனையில், சிவப்பு முனை ஹாரனின் எர்த் முனையில். ஹாரனை அடித்துக்கொண்டே எண்ணைப் பாருங்கள். பாயின்ட் துடிப்பதால் எண் ஆடும், நடு மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்று. அரை வோல்ட்டைத் தாண்டினால் கட்டாயம் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். கரென்ட் பக்கத்துக்கும் இதே சோதனைதான்: ஒரு முனை பேட்டரி நேர்முனையில், மற்றது ஹாரனின் நேர்முனையில். இங்கே அரை வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம், வழி நீளம், இணைப்புகளும் அதிகம்.

சுத்தம் செய்யும்போது போல்ட்டைக் கழற்றி, பிராக்கெட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்த்து, பல்லுள்ள வாஷர் போட்டு இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மேலே கிரீஸோ பெயின்ட்டோ பூசலாம். முன்னாலேயே பூசினால் அதுவே தடுப்பாகிவிடும். சாக்கெட்டுக்குள் களிம்பு இருந்தால் கிளீனர் அடித்து, பெண் முனை தளர்ந்திருந்தால் மூக்குக் குறடால் இலேசாக அழுத்திவிடுங்கள். வயரைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். களிம்பு முனையோடு நின்றுவிடாது, உறைக்குள் புகுந்து செம்பைக் கறுப்பாக்கும். கறுத்த செம்பு ஈயப் பற்று பிடிக்காது. பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டித் தள்ளிவிட்டுப் புது முனை நசுக்குங்கள்.

சத்தம் வருகிறது, ஆனால் சரியில்லை

என்ஜின் மெதுவாக ஓடும்போது கம்மி, முறுக்கினால் தெளிகிறது என்றால் பேட்டரியைப் பாருங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் அருகே இருப்பது முழு சார்ஜ், 12க்குக் கீழே போனால் காலி. இருசக்கர வண்டியில் பேட்டரி தளர்வதை முதலில் சொல்வது பெரும்பாலும் ஹாரன்தான்.

அழுத்தியதும் ஒரே ஒரு 'டொக்', பிறகு மௌனம் என்றால் ஆர்மேச்சர் உள்ளே போகிறது, பாயின்ட் பிரியவில்லை. மின்னழுத்தம் மிகக் குறைவாக இருக்கலாம், பாயின்ட் ஒட்டிக்கொண்டிருக்கலாம், சரிசெய்யும் திருகு தவறாக நிற்கலாம். இந்த நிலையில் தொடர்ந்து அழுத்தினால் காயிலில் இடைவிடாமல் கரென்ட் ஓடிக் கருகும்.

வண்டி கழுவிய பிறகோ மழைக்குப் பிறகோ கொப்பளிப்பது போல ஒலித்தால் உள்ளே தண்ணீர். சங்கு ஹாரனைக் கழற்றி வாயைக் கீழே காட்டிக் குலுக்கினாலே கொட்டும். நிழலில் உலர விடுங்கள், சூட்டுக் காற்றை நெருக்கமாக அடித்தால் உள் காகித வாஷர் உருக்குலையும். எப்போதும் கரகரவென்றால் டயாபிரம் துருவேறியிருக்கலாம், விரிசல் விட்டிருக்கலாம், அல்லது கூடு எதையாவது தொட்டுக்கொண்டிருக்கலாம். கடைசியாகச் சொன்னதை முதலில் பாருங்கள், செலவில்லாதது. ஓய்வுக்குப் பிறகு முதல் அழுத்தலில் பேசாமல், கூட்டைத் திருப்புளிப் பிடியால் இலேசாகத் தட்டியதும் பேசினால் பாயின்ட்டில் ஆக்சைடு படலம். தட்டிச் சரியானது நிரந்தரமல்ல, அடுத்த மழையில் திரும்பி வரும்.

ஹாரனைத் தனியாகச் சோதிக்க, சாக்கெட்டைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். ஒரு ஓமுக்கு அக்கம்பக்கம் காட்டும். முடிவிலி என்றால் பாயின்ட் ஒட்டவில்லை அல்லது காயில் அறுந்தது. உறுதி செய்ய, ஃபியூஸ் சேர்த்த வயரால் பேட்டரியில் நேராக ஒரு நொடி கொடுங்கள்.

திருகைச் சரிசெய்தல்

கூட்டின் பின்பக்கம் ஓரமாக, பெயின்ட்டோ மெழுகு போன்ற பூச்சோ மூடிய ஒரு சின்னத் திருகு இருக்கும். அது பாயின்ட் எப்போது பிரிய வேண்டும் என்பதை நிர்ணயிப்பது. நடுவில் இருக்கும் பெரிய நட்டு வேறு. அது ஆர்மேச்சரின் இடைவெளியையும் டோன் டிஸ்க்கையும் பிடித்திருப்பது. அதைத் தொட்டுவிட்டால் தொழிற்சாலை அளவுக்குத் திரும்பக் கொண்டுவருவது கையால் ஆகாது. ஹாரன் கெட்டதற்கு நடு நட்டைத் திருகியதே காரணமாக இருப்பது சகஜம்.

பேட்டரி நன்றாக இருக்க வேண்டும், முடிந்தால் என்ஜின் ஓடட்டும். ஹாரன் தன் பிராக்கெட்டிலேயே இருக்கட்டும். கூட்டை வைஸில் கடித்துப் பிடித்தால் அதன் குரலே மாறிவிடும். ஜோடி இருந்தால் மற்றதன் சாக்கெட்டைக் கழற்றுங்கள். காதில் பஞ்சோ மூடியோ. ஹாரனுக்குப் போகும் வயரில் 10 ஆம்பியர் அளவில் மல்டிமீட்டரைத் தொடராக இணையுங்கள். முதலில் திருகு நிற்கும் நிலையை மார்க்கரால் குறித்துவிட்டுத்தான் திருப்புளியை வைக்க வேண்டும்.

எட்டில் ஒரு சுற்று திருப்புங்கள், கையை எடுங்கள், ஒரு நொடி அடியுங்கள், கேளுங்கள். அடித்துக்கொண்டே திருப்பினால் திருப்புளியின் அழுத்தமே ஒலியை மாற்றி ஏமாற்றும். ஒரு பக்கம் திருப்பினால் கரென்ட் குறைந்து, ஒலி மெலிந்து, ஒரு கட்டத்தில் நின்றுவிடும், அங்கே பாயின்ட் நிரந்தரமாகப் பிரிந்திருக்கிறது. மறுபக்கம் போனால் கரென்ட் ஏறி, ஒலி தடித்துக் கரகரத்து, கடைசியில் 'டொக்' என்று அடங்கும், அங்கே பாயின்ட் பிரியவே இல்லை. நீங்கள் தேடுவது கரென்ட் குறைந்து ஒலி நின்ற இடத்திலிருந்து கால் சுற்று திரும்பி வந்த இடம், அல்லது அதற்கு மிக அருகில். மொத்தத்தில் அரைச் சுற்றுக்கு மேல் தேவைப்பட்டால் திருகு காரணமல்ல, பாயின்ட் தேய்ந்துவிட்டது.

ஒலி தெளிவாக இருந்தும் கரென்ட் கூட்டில் அச்சிட்ட அளவைத் தாண்டினால் சற்றே பின்வாங்குங்கள். ஒலியில் கொஞ்சம் குறைந்தாலும் பாயின்ட் நீண்ட நாள் நிற்கும். முடிந்ததும் திருகின் தலையில் பெயின்ட்டோ சிலிகானோ வைத்து மூடுங்கள். மூடாவிட்டால் அதிர்வில் திருகு நகரும், திருகுப் புரி வழியே தண்ணீர் இறங்கும். பாயின்ட்டுக்குப் பதில் டிரான்சிஸ்டர் உள்ள எலக்ட்ரானிக் ஹாரனில் இந்தத் திருகு இருக்காது. அதற்கு நேர்முனை எதிர்முனை மாறக் கூடாது. பாயின்ட் ஹாரனில் பொதுவாக எப்படி மாட்டினாலும் ஓடும்.

விளிம்பு நசுக்கி மூடிய ஹாரனைத் திறக்காதீர்கள். மறுபடி அதே இறுக்கத்தில் மூட முடியாது. ஸ்க்ரூ அல்லது போல்ட் போட்ட பழைய வகையைத் திறக்கலாம். கூட்டிலும் டயாபிரத்திலும் ஒரே கோடாகக் குறி இட்டு, ஸ்க்ரூக்களை எதிரெதிராக மாற்றி மாற்றித் தளர்த்துங்கள். உள்ளே வரும் காகித வளையம் கிழியக் கூடாது, அதன் தடிமனும் இடைவெளிக் கணக்கில் சேர்ந்தது. பாயின்ட்டுக்கு நடுவே உப்புத்தாளை இரண்டாக மடித்துச் செருகி, மெல்ல இழுத்து எடுங்கள், நான்கைந்து தடவை போதும். அரம் போட்டால் மேல்முகம் வளைந்து ஒரு புள்ளியில் மட்டும் தொடும். தூசியைக் கிளீனரால் கழுவி, உலர்ந்த பின் மூடுங்கள்.

நிற்காமல் அலறினால்

முதலில் ரிலேயைப் பிடுங்குங்கள், தெருவே திரும்பிப் பார்க்கும் வேலை இது. ரிலே எது என்று தெரியாவிட்டால் ஃபியூஸ், அதுவும் தெரியாவிட்டால் ஹாரன் சாக்கெட். அமைதியான பின், ரிலே சாக்கெட்டில் பட்டன் பக்க முள்ளுக்கும் பாடிக்கும் மின்தொடர்ச்சி பாருங்கள். பட்டனை அழுத்தாமலே தொடர்ச்சி இருந்தால் பட்டன் சிக்கியிருக்கிறது அல்லது அதன் வயர் எர்த்தில் உரசுகிறது. தொடர்ச்சி இல்லையென்றால் ரிலேயின் பாயின்ட் உருகி ஒட்டிவிட்டது. வாங்கும்போது அதே ஆம்பியர் அளவுள்ள ரிலே வாங்குங்கள்.

ஸ்டீயரிங்குக்குள்ளும் ஹேண்டிலுக்குள்ளும்

பழைய கார்களில் செம்பு வளையத்தின் மேல் ஸ்பிரிங் முள் உரசிக்கொண்டே சுற்றும். வளையம் கறுத்தால் உப்புத்தாளால் துடைத்து, துளி கிரீஸ் போட்டால் முடிந்தது. ஏர்பேக் உள்ள வண்டியில் கிளாக் ஸ்பிரிங் இருக்கும்: ஒரு தட்டைப் பெட்டிக்குள் சுருட்டி வைத்த நாடா வயர். நாடா அறுந்தால் ஹாரனோடு ஸ்டீயரிங் மேல் உள்ள மற்றப் பட்டன்களும் போகும், ஏர்பேக் எச்சரிக்கை விளக்கும் எரியும். மூன்றும் சேர்ந்து வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

அதைத் தொடும் முன் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி, வண்டியின் கையேடு சொல்லும் நேரம் காத்திருக்க வேண்டும். ஏர்பேக் சாக்கெட்டில் மல்டிமீட்டரின் ஓம் சோதனை எந்த நிலையிலும் கூடாது, மீட்டர் அனுப்பும் சிறு கரென்ட்டே அதை வெடிக்க வைக்கும் அபாயம் உண்டு. பழக்கமில்லாதவர் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்வதே சரி. பழக்கமுள்ளவர், முன்சக்கரம் நேராக இருக்க, புதிய கிளாக் ஸ்பிரிங்கின் பூட்டுப் பின்னை மாட்டிய பிறகே எடுக்க வேண்டும். நடுநிலை தவறிப் பூட்டினால் ஒரு பக்கம் முழுதாக வளைத்ததும் நாடா அறும்.

இருசக்கர வண்டியில் ஹேண்டிலை ஒரு பக்கம் திருப்பினால் மட்டும் ஹாரன் நின்றால், கழுத்துப் பகுதியில் வயர்க் கட்டு மடங்கி உள்ளே அறுந்திருக்கிறது. உறை நன்றாகவே தெரியும், விரலால் நீவிக்கொண்டே வந்தால் அறுந்த இடம் தொய்வாகத் தட்டுப்படும். சுவிட்சைத் திறக்கும்போது ஒரு சின்ன ஸ்பிரிங் தெறித்து ஓடும், துணி விரித்துக்கொள்ளுங்கள். செம்புத் தகட்டில் கரியைத் துடைத்து, பற்றவைத்த வயர் அடியோடு விட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அங்கே கனமான ஹாரன் ஜோடி போட விரும்பினால் ரிலே இல்லாமல் போடாதீர்கள். பேட்டரி நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து 2.5 சதுர மி.மீ. வயர் 30க்கு. 87இல் இருந்து ஹாரன்களுக்கு, ஹாரன்களின் மறுமுனை நேராகப் பேட்டரி எதிர்முனைக்கு. பழைய ஹாரனில் இருந்த இரண்டு வயரும் 85க்கும் 86க்கும். சுவிட்ச் எந்தப் பக்க வகையாக இருந்தாலும் இந்த இணைப்பு வேலை செய்யும், உள்ளே டயோடு வைத்த ரிலேயாக மட்டும் இருக்கக் கூடாது.

மாட்டும் விதம்

ஹாரனின் பிராக்கெட் அடுக்குத் தகடாக, வளைந்து கொடுப்பதாக இருப்பது வேண்டுமென்றே. கூடும் சேர்ந்து அதிர்ந்தால்தான் டயாபிரம் முழுதாக ஆடும். அந்தத் தகட்டை எடுத்துவிட்டுத் தடித்த இரும்புப் பட்டையில் மாட்டினால் பாதிக் குரல்தான் வரும். கூட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரு விரல் இடைவெளி விடுங்கள், கிரில், வயர்க் கட்டு எதுவும் தொடக் கூடாது. டிஸ்க் ஹாரனின் முகம் முன்னோக்கிச் சற்றே கீழே சாய்ந்திருக்கட்டும், சங்கின் வாய் கீழ்நோக்கித் தண்ணீர் வடியும்படி இருக்க வேண்டும். அழுத்தக் குழாயால் வண்டி கழுவும்போது அந்தப் பக்கம் நேராகப் பீய்ச்ச வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் ஒரு நொடி அடித்து, நான்கு நொடி விட்டு, இப்படிப் பத்து தடவை. உடனே ரிலேயின் தலை, ஃபியூஸ், ஹாரன் சாக்கெட், எர்த் போல்ட் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பாருங்கள். எந்த முனை சுடுகிறதோ அங்கே இன்னும் மின்தடை மிச்சம் இருக்கிறது. அதை மறுபடி கழற்றிப் புது முனை போடுங்கள்.